பையும் இலையும்

ஆண்டீஸ் மலைநாட்டு நெசவைப் பற்றி வெளிவரும் வழவழப்பான படப் புத்தகங்களில் உள்ள பைகள் எல்லாம் காலியாக இருக்கின்றன. சாம்பல் நிறப் பின்னணியில் பையைத் தட்டையாகப் பரப்பி, வாரை ஒழுங்காக மடித்து வைத்து, நூல் நூலாகத் தெரியும்படி படம் எடுத்திருக்கிறார்கள். கீழே நீள அகலம், நூற்றாண்டு, கிடைத்த ஊர். உள்ளே என்ன இருந்தது என்ற தகவல் அநேகமாக இராது. இருந்தாலும் ‘கொக்கா பை’ என்ற இரண்டு வார்த்தைகளோடு முடிந்துவிடும். இந்தப் படங்கள் நமக்குத் தரும் பரவசம் நிஜமானதுதான். கருஞ்சிவப்புப் பட்டைகளுக்கு நடுவே பறவைகளும் குதிரைகளும் சாய்சதுரங்களும் அணிவகுக்கும் விதத்தைப் பார்த்தால், கோட்டையும் வண்ணத்தையும் பற்றி நம் ஓவியர்கள் பேசுவதில் பாதி தேவையில்லை என்று தோன்றும். ஆனால் இந்தப் பரவசத்துக்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்கள் நாம் அல்ல என்பதால் அதை நாம் யோசிப்பதில்லை.

உருவமா உள்ளடக்கமா என்று சிறுபத்திரிகைகளில் பல வருஷம் நடந்த சண்டை வாசகர்களுக்கு நினைவிருக்கும். அது ஓய்ந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. பெயர்கள் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். அந்தச் சண்டையின் இரு தரப்பாரிடமும் கொடுத்துப் பார்க்க ஆண்டீஸின் பையைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பது அரிது. ஏனென்றால் இங்கே உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரிக்கும் காரியம் வெறும் தத்துவ விசாரமாக இருந்துவிடவில்லை. சரித்திரத்தில் அது ஸ்தூலமாகவே நடந்தது. பையை அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது. இலையைப் போலீஸ்காரன் எடுத்துக்கொண்டான்.

கொக்கா இலைக்கான பையைக் கெச்சுவா மொழியில் சுஸ்பா என்பார்கள். ஒரு சாண், அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான அகலம். தோளில் குறுக்காகத் தொங்கும் வார். சிலவற்றில் முகப்பிலேயே சேர்த்து நெய்த ஓரிரு குட்டிப் பைகள். பெரு, பொலிவியா, சிலியின் வடக்கு, அர்ஜெண்டினாவின் வடமேற்கு ஆகிய மலைப் பிரதேசங்களில் ஆண்களின் உடம்பில் இது இருந்துவந்திருக்கிறது. நெய்பவர் பெரும்பாலும் பெண். மனைவி, காதலி, தாய், யாராவது ஒருத்தி. லாமா, அல்பாகா, ஸ்பானிஷ்காரர்கள் வந்த பிறகு செம்மறி ஆகியவற்றின் ரோமத்தை, ஆடு மேய்த்துக்கொண்டே, நடந்துகொண்டே, தக்ளி போன்ற ஒரு கதிரில் நூற்கிறாள். சிவப்பு வேண்டுமானால் கள்ளிச் செடியில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்து அரைத்துச் சாயம் எடுக்கிறாள். இடுப்பில் பட்டை கட்டி உடம்பாலேயே இழுத்துப் பிடிக்கும் தறி ஒன்று. தரையில் நான்கு முளை அடித்துப் பாவை நீட்டும் தறி மற்றொன்று.

இந்த நெசவில் கண்ணுக்குத் தெரிவது பாவு மட்டும். ஊடை உள்ளே மறைந்து கிடக்கும். நிறங்கள் எல்லாம் பாவிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. லாமாவின் எலும்பைக் கூராக்கிய ஒரு கருவியாலும் விரல்களாலும் பாவிழைகளைப் பொறுக்கி மேலே தூக்கி உருவங்களைக் கொண்டுவருகிறார்கள். இப்படி உருவம் வரும் பகுதிக்குப் பெயர் பல்யாய். பொறுக்குதல், சேகரித்தல் என்று அர்த்தம். வயலில் விளைந்ததைப் பொறுக்குவதற்கும் அதே சொல். உருவம் இல்லாத வெற்றுப் பகுதிக்குப் பெயர் பாம்ப்பா. மலைகளுக்கு நடுவே விரியும் சமவெளிக்கும் அதே சொல். துணியையும் நிலத்தையும் ஒரே சொற்களால் பேசுகிற ஜனங்கள் அவர்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கும் விஷயம் இனிமேல்தான். மரபான முறையில் நெய்யும் துணிக்கு நான்கு பக்கமும் கரை உண்டு. கத்தரி படுவதில்லை. பெரிய துணியாக நெய்து பிறகு வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளும் வழக்கம் இல்லை. பாவு ஓட்டும்போதே இது எவ்வளவு பெரியது, எதற்கானது, யாருக்கானது என்பது முடிவாகிவிட வேண்டும். இரு முனைகளிலிருந்தும் வந்து சேரும் இடத்தில் பாவு இறுகிப்போய் ஊடைக் குச்சி நுழையாது. கடைசி விரற்கடை அகலத்தை ஊசியால்தான் நெய்து முடிக்கிறார்கள். அதிகப் பொறுமை கேட்பது அந்த இடம். பிறகு துணியை இரண்டாக மடித்துப் பக்கங்களைத் தைத்தால் பை. விளிம்பில் ஒரு நாடாவைத் தனியாக நெய்து ஒட்டுவதில்லை; நெய்துகொண்டே, அதன் ஊடையையே தையல் நூலாக்கி, விளிம்போடு சேர்க்கிறார்கள். கூஸ்கோ பக்கத்தில் அந்தக் கரையில் வரிசையாகக் கண்கள் வரும். உள்ளே வைக்கப்போகும் பொருள், முதல் இழை ஓடுவதற்கு முன்பே பையின் உருவத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு சேர்க்கப்பட்ட அலங்காரம் என்று இதில் எதையும் பிரித்துக் காட்ட முடியாது.

இனி இலை.

கொக்கா இலையைத் தனியே மென்றால் பெரிதாக ஒன்றும் நேராது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு மாதிரி இதற்கும் ஒரு காரம் வேண்டும். கீன்வா என்ற தானியத்தின் தண்டை எரித்த சாம்பலைப் பிசைந்து கட்டியாக்கி, லிப்தா என்ற பெயரில் இலையோடு வைத்துக்கொள்கிறார்கள். மென்று விழுங்குவதில்லை, கன்னத்தில் அடக்கி, சாறு இறங்கவிடுகிறார்கள். பசியும் அசதியும் குளிரும் மட்டுப்படும். ஒரு வாய் இலை தாங்கும் நேரம் முக்கால் மணிக்குச் சற்று முன்பின். அந்த நேரத்தில் நடக்கக்கூடிய தூரத்துக்குக் ‘கொகாதா’ என்று பெயர் இருந்தது. ஊர்களுக்கு இடையிலான தூரம் பையிலிருந்து எத்தனை முறை எடுக்கிறோம் என்பதால் அளக்கப்பட்டது.

ஆனால் உடம்புக்கான பயன் மட்டும் என்றால் ஒரு காகிதப் பொட்டலம் போதும். காதரின் ஆலன் என்ற மானுடவியலாளர் பெருவின் பௌகார்தாம்போ பகுதியில் உள்ள சொங்கோ என்ற கிராமத்தில் வாழ்ந்து 1988-ல் வெளியிட்ட புத்தகத்தில் இலை மெல்லுவதன் ஆசாரங்கள் விரிவாக இருக்கின்றன. வேலை தொடங்குவதற்கு முன்பு, நடுவில், வழியில் ஒருவரை ஒருவர் சந்திக்கும்போது, உட்காருகிறார்கள். ஆண் தன் சுஸ்பாவை எடுக்கிறான். பெண்களுக்குச் சுஸ்பா கிடையாது; உன்குன்யா என்ற சிறு சதுரத் துணியில் இலையை முடிந்து வைத்திருப்பாள், அதைப் பிரிக்கிறாள். முழுசான, ஒடியாத இலைகளாக மூன்றைத் தேர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விரல் நுனியில் பிடித்து வாயருகே கொண்டுபோய் அதன்மேல் ஊதுகிறார்கள். அந்த மூச்சு சுற்றியுள்ள மலைகளுக்கும் பூமிக்கும் ஊரின் முன்னோருக்கும் போகிறது. ஒவ்வொரு மலைக்கும் பெயர் உண்டு. பெயர் சொல்லி அழைக்க வேண்டும். இந்த இலையடுக்குக்குக் கிந்து என்று பெயர். தான் மெல்லுவதற்கு முன் ஒரு கிந்துவை எதிரில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் நன்றி சொல்லி வாங்கி, தானும் ஊதி, பிறகு தன் பையிலிருந்து ஒன்றைத் திருப்பித் தருவார். யார் யாருக்கு முதலில் தருகிறார்கள், எப்படித் தருகிறார்கள் என்பதில் ஊரின் உறவு முறைகள் எல்லாம் வந்துவிடும். டிட்டிகாக்கா ஏரியில் உள்ள தக்கீலே தீவில் ஆண்கள் சந்திக்கும்போது கை குலுக்குவதற்குப் பதிலாகப் பைகளிலிருந்து இலை மாற்றிக்கொள்வார்கள். குறி பார்ப்பவர்கள் இலைகளைத் துணியின் மேல் விழவிட்டு, எது எந்தப் பக்கம் கவிழ்ந்தது, எதன்மேல் எது விழுந்தது என்று வாசிப்பார்கள். அப்போது அந்தத் துணி வாசிக்கும் பக்கமாக ஆகிவிடுகிறது.

கொடுப்பதற்கு என்று இருக்கும் பொருளைத்தான் இந்தப் பை வைத்திருக்கிறது. சேமித்துப் பூட்டுவது இதன் வேலை இல்லை.

சேமிப்பதற்கு வேறு பைகள் உண்டு. அவற்றைப் பற்றிக் கலைப் புத்தகங்கள் அதிகம் கண்டுகொள்வதில்லை. பறவையும் குதிரையும் இல்லாத வெறும் பட்டைகள் என்பதால் இருக்கலாம். வட சிலியின் உயர்ந்த மேட்டு நிலத்தில் இஸ்லுகா என்ற அய்மாரா சமூகத்தின் பெண்கள் தானியமும் மாவும் விதையும் வைக்க நெய்யும் பைக்குத் தலேகா என்று பெயர். சாயம் இல்லை. விலங்கின் உடம்பில் இருக்கும் வெள்ளை, பழுப்பு, சாம்பல், கறுப்பு, இவைதான் நிறங்கள். நெடுக்குப் பட்டைகள்தான் வடிவம். இதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். வெரோனிக்கா செரெசெதா என்ற சிலிப் பெண்மணி 1978-ல் பிரெஞ்சு சரித்திரப் பத்திரிகையான ‘அனால்’-இல் இந்தப் பைகளைப் பற்றி மட்டும் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஆண்டீஸ் நெசவைப் பற்றிய பேச்சின் திசையை மாற்றிய கட்டுரை அது. பையின் பட்டைகள் ஒற்றைப்படையில் வருகின்றன. நடுவில் ஒரு பட்டை தனித்து நின்று, இரு பக்கமும் ஒன்றையொன்று கண்ணாடி போலப் பிரதிபலிக்கின்றன. நெய்பவர்கள் அந்த நடுப்பட்டையைச் சிமா என்கிறார்கள். இதயம் என்று அர்த்தம். பைக்கு வாயும் உண்டு. ஆக இது ஒரு உடம்பு. இஸ்லுகா சமூகமும் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு பொது ஊரில் திருவிழாவுக்குக் கூடுகிற சமூகம். தங்கள் ஊர் எப்படிப் பிரிந்தும் சேர்ந்தும் இருக்கிறதோ அப்படியே தங்கள் தானியப் பையையும் நெய்திருக்கிறார்கள்.

அமைப்பியல் என்ற சொல்லை நம் பக்கங்களில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பயன்படுத்திவிட்டார்கள். செரெசெதாவின் கட்டுரையும் அந்த முறையைச் சார்ந்ததுதான். ஆனால் ஒரு வித்தியாசம். கோடுகளின் உறவுகளை எண்ணிய பிறகு, நெய்கிறவளிடம் போய் இதற்கு என்ன பெயர் என்று அவர் கேட்டார். அந்தப் பெயர் கிடைத்த பிறகுதான் வாசிப்பு ஆரம்பமாயிற்று. நம்மவர்கள் முதல் காரியத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

தலேகாவைவிடப் பெரியது கொஸ்தால் என்ற மூட்டை. லாமாவின் முதுகில் ஏற்றுவது. லாமா கழுதை இல்லை. 25, 30 கிலோவுக்கு மேல் ஏற்றினால் படுத்துவிடும். எனவே கொஸ்தாலின் அளவைத் தீர்மானிப்பது அந்த விலங்கின் முதுகு. உப்புப் பாலைவனங்களிலிருந்து உப்பை ஏற்றிக்கொண்டு லாமா மந்தைகள் பள்ளத்தாக்குகளுக்கு இறங்கும். அங்கே மக்காச்சோளம் ஏற்றித் திரும்பும். பண்டமாற்றில் மூட்டைதான் அளவு. அளக்கும் கருவியும் சுமக்கும் கருவியும் ஒன்றாக இருந்தன. அந்த அளவுக்குப் பின்னால் ஒரு மிருகத்தின் பலமும் ஒரு பெண்ணின் நூற்பும் இருந்தன.

இப்படி எழுதிக்கொண்டே போனால் ஆண்டீஸ் ஒரு சொர்க்கலோகம் என்ற தோற்றம் வந்துவிடும். அது உண்மையல்ல. துணியின் வலிமையை முதலில் முழுசாகப் புரிந்துகொண்டு பயன்படுத்தியது ஒரு சாம்ராஜ்யம்தான். ஜான் முர்ரா 1962-ல் எழுதிய கட்டுரையில் இன்கா அரசுக்குத் துணி எவ்வளவு முக்கியமாக இருந்தது என்று காட்டினார். வென்ற நாட்டுத் தலைவனுக்குத் துணி கொடுத்தால் அவன் கட்டுப்பட்டவன் ஆகிறான், சிப்பாய்க்குத் துணி, தெய்வத்துக்குத் துணி எரிப்பு. குடிமக்கள் அரசுக்கு நெய்து தர வேண்டும் என்ற கடமையும் இருந்தது. கொடுத்தல் என்ற அதே சம்பிரதாயம் அரசின் கையில் வரும்போது கட்டளையாகிவிடுகிறது.

1954-ல் சாந்தியாகோ நகரத்துக்கு மேலே எல் ப்ளோமோ சிகரத்தில், 5,400 மீட்டர் உயரத்தில், புதையல் தேடியவர்கள் ஒரு சிறுவனின் உடலைக் கண்டெடுத்தார்கள். இன்கா காலத்தில் மலைக்குப் பலியாகக் கொடுக்கப்பட்ட எட்டு வயசுப் பிள்ளை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தூங்குவதுபோல் பனியில் உறைந்திருந்தான். கூடவே இறகுகள் தைத்த ஒரு பை. அதில் கொக்கா இலைகள். வேறு சின்னஞ்சிறு பைகளும் இருந்தன. அவற்றில் அவனுடைய வெட்டிய நகங்கள், விழுந்த பால் பற்கள், தலைமயிர். யாரோ அவற்றை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மலையின் மேல் போகிறவன் தன்னில் எதையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று நினைத்திருப்பார்களோ என்னவோ. 1999-ல் யுயாயாகோ எரிமலையின் உச்சியில், 6,739 மீட்டரில், மூன்று குழந்தைகளின் உடல்கள் கிடைத்தன. மூத்த பெண்ணின் பற்களுக்கிடையில் கொக்கா இலை இன்னும் இருந்தது. அவள் கூந்தலைச் சோதித்து 2013-ல் வெளியான ஆய்வு, கடைசி மாதங்களில் அவளுக்கு இலையும் மதுவும் அதிகமாகக் கொடுக்கப்பட்டதைக் காட்டியது. பையையும் இலையையும் பற்றிப் பேசுகிறவன் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். பொருள் புனிதமானது என்பதால் அதைக் கையாளும் அதிகாரம் புனிதமாகிவிடாது.

ஸ்பானிஷ்காரர்கள் வந்தபோது அவர்களுக்கு இலை ஒரு தலைவலியாயிற்று. 1567-ல் லீமாவில் கூடிய மதச் சபை கொக்காவைப் பயனற்றது, மூடநம்பிக்கையை வளர்ப்பது என்று கண்டித்தது. ஆனால் 1545-ல் போதோசியில் வெள்ளி மலை கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. சுரங்கத்துக்குள் இந்தியர்களை இலை இல்லாமல் இறக்க முடியவில்லை. எனவே கண்டனம் மேடையில் இருந்தது, இலை சந்தையில் இருந்தது. கூஸ்கோ பிஷப்பின் வருமானத்தில் பெரும் பகுதி கொக்காவின் தசமபாகத்திலிருந்து வருகிறது என்று கார்ஸிலாஸோ 1609-ல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஒருவருக்கொருவர் கொடுப்பதற்கான இலை முதல் முறையாக விற்பனைச் சரக்காகவும் உழைப்பைக் கறக்கும் கருவியாகவும் ஆயிற்று. பையில் இருந்ததைப் பிரித்தெடுக்கும் வேலை இங்கே தொடங்குகிறது.

அடுத்த பிரிப்பு சோதனைச் சாலையில். 1860-ல் ஜெர்மனியில் ஆல்பர்ட் நீமன் இலையிலிருந்து ஒரு வெள்ளைப் பொடியைத் தனியே எடுத்துக் கொக்கேன் என்று பெயர் வைத்தார். அதன் பிறகு ஐரோப்பா கண்ட பயன்களும் நாசங்களும் தெரிந்தவையே. கவனிக்க வேண்டியது, அந்தப் பொடி செய்த குற்றத்துக்கு இலை தண்டிக்கப்பட்ட விதம். 1949-ல் ஐக்கிய நாடுகள் சபை ஒரு விசாரணைக் குழுவைப் பெருவுக்கும் பொலிவியாவுக்கும் அனுப்பியது. 1950-ல் வந்த அதன் அறிக்கை இலை மெல்லும் பழக்கத்தைத் தீங்கு என்று முடிவு கட்டி ஒழிக்கச் சொன்னது. 1961-ன் போதைப்பொருள் ஒப்பந்தம் கொக்கா இலையைக் கொக்கேனும் ஹெராயினும் இருக்கும் அதே முதல் பட்டியலில் வைத்தது. ஒப்பந்தம் அமலுக்கு வந்ததிலிருந்து 25 வருஷத்துக்குள் இலை மெல்லுவது முற்றிலும் ஒழிய வேண்டும் என்றது அதன் 49-ஆவது ஷரத்து. அமலுக்கு வந்தது 1964 டிசம்பர்; கெடு 1989 டிசம்பர். அதே ஒப்பந்தத்தின் 27-ஆவது ஷரத்து, சத்தை நீக்கிவிட்டு வாசனைப் பொருள் தயாரிக்க இலையைப் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கிறது. அமெரிக்கப் பானத்தின் ருசிக்கு இலை ஆகும். சொங்கோவில் ஒருவர் இன்னொருவருக்கு மூன்று இலை நீட்டுவதற்கு ஆகாது.

இதே வருஷங்களில்தான் பை கலையாக உயர்ந்தது. இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் யாரையும் தேட வேண்டியதில்லை. பௌஹௌஸ் பள்ளியில் நெசவு கற்று 1933-ல் அமெரிக்காவுக்கு வந்த ஆனி ஆல்பர்ஸ், தமது ‘நெசவைப் பற்றி’ என்ற 1965-ஆம் வருஷத்து நூலைப் பழைய பெரு நாட்டு நெசவாளர்களைத் தம் ஆசான்கள் என்று சொல்லி அவர்களுக்கே அர்ப்பணித்தார். நவீன ஐரோப்பியக் கலைஞர் ஒருவர், பெயர் தெரியாத இந்தியப் பெண்களை ஆசான் என்று வணங்கியது சாதாரண விஷயமல்ல. இழையே சிந்தனையாக இயங்கும் முறையை அவர் கண்டார். அவர் கண்டது உண்மை. ஆயினும் அவர் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது கட்டமைப்பு, தாளம், நிறம். துணி சட்டத்துக்குள் போயிற்று. சட்டத்துக்குள் போன துணிக்கு இதயம் எந்தப் பட்டை என்று கேட்பாரில்லை.

சட்டத்துக்குப் பின்னால் சந்தை வந்தது. பொலிவியாவின் போதோசி மாகாணத்தில் கொரோமா என்று ஒரு ஊர். அங்கே உள்ள அய்லுகள், அதாவது குலச் சமூகங்கள், தங்கள் ஆதி முன்னோரின் ஆடைகளைக் கெப்பி என்ற துணிப் பொதிகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகின்றன. சில துணிகள் பல நூற்றாண்டுப் பழமையானவை. முன்னோரின் ஆவிகள் அதில் இருக்கின்றன என்பது நம்பிக்கை. நவம்பர் மாதத் தொடக்கத்தில், இறந்தோரை நினைக்கும் நாட்களில், பொதியைப் பிரித்து, இலையும் மதுவும் படைத்து, ஊர்க் காரியங்களை அவற்றிடம் கேட்பார்கள். அவை யாருக்கும் சொந்தமல்ல. ஒருவர் பொறுப்பில் இருக்கும், அவ்வளவுதான். 1970-களிலும் 80-களிலும் வியாபாரிகளின் ஆட்கள் அந்த ஊருக்குள் வந்தார்கள். வறட்சியும் வறுமையும் உதவின. பொதிகள் காணாமல் போயின. 1988-ல் ஸான்ஃபிரான்ஸிஸ்கோவில் நடந்த ஒரு விற்பனைக் கண்காட்சியில் அந்தத் துணிகள் வெளிப்பட்டன. கிறிஸ்தினா பூபா என்ற பொலிவிய சமூக உளவியலாளர் துணைநிற்க, கொரோமாவின் பிரதிநிதிகள் அமெரிக்கா வரைக்கும் போய் அடையாளம் காட்டினார்கள். 1989-ல் கொரோமாவின் துணிகளை இறக்குமதி செய்ய அமெரிக்கா தடை விதித்தது. 1992-ல் 49 துணிகள் ஊர் திரும்பின.

அந்த ஊர்க்காரர்கள் நடந்ததைத் திருட்டு என்ற சொல்லோடு நிறுத்தவில்லை. மழை தவறியதற்கும் ஊரில் நேர்ந்த துன்பங்களுக்கும் முன்னோர்கள் போய்விட்டதே காரணம் என்றார்கள். கலெக்டர் ஒருவர் சுவரில் மாட்டியிருந்தது அவருக்கு ஒரு அபூர்வமான பதினாறாம் நூற்றாண்டுத் துணி. அவர்களுக்கோ சிறைப்பட்ட தாத்தா. இரண்டு பேரும் பார்த்தது ஒரே இழைகளைத்தான்.

1989 என்ற வருஷத்தை நான் மறுபடியும் பார்க்கிறேன். மார்ச்சில் துணியைக் காக்க ஒரு சட்டம். டிசம்பரில் இலையை ஒழிக்க ஒரு கெடு. இரண்டுமே உலகத்தின் நல்லெண்ணத்திலிருந்து வந்தவை. ஒரே ஜனங்களின் ஒரே சடங்கில் சேர்ந்திருந்த இரண்டு பொருள்களில் ஒன்று பாரம்பரியம், மற்றது குற்றம். துணியைக் காக்க முன்வந்தவர்களில் எத்தனை பேர், அந்தத் துணியைப் பிரிக்கும்போது முதலில் படைக்கப்படுவது எந்த இலை என்று யோசித்தார்கள்?

கெடு முடிந்தது. மெல்லுவது முடியவில்லை. 2006-ல் பொலிவியாவின் ஜனாதிபதியாக வந்த, கொக்கா விவசாயிகளின் தலைவரான அய்மாராக்காரர் ஏவோ மொராலெஸ், அதே வருஷம் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையில் ஓர் இலையை உயர்த்திப் பிடித்துப் பேசினார். 2009-ன் அரசியல் சாசனம் கொக்காவைப் பண்பாட்டுச் சொத்து என்று எழுதிக்கொண்டது. ஒப்பந்தத்தைத் திருத்தக் கேட்டபோது மற்ற நாடுகள் மறுத்தன. எனவே 2011-ல் பொலிவியா ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்து, இலை மெல்லும் உரிமையைத் தனி நிபந்தனையாக வைத்து, 2013 ஜனவரியில் மறுபடியும் சேர்ந்தது. இதைத் தடுக்க மூன்றில் ஒரு பங்கு நாடுகள் எதிர்த்திருக்க வேண்டும், எதிர்த்தவை 15. ஒரு சமூகம் தன் உள்ளடக்கத்தை மீட்டுக்கொள்ள உலகத்தைவிட்டு ஒரு வருஷம் வெளியே போய் நின்றது என்று இதைப் புரிந்துகொள்கிறேன்.

இனி இந்தக் கட்டுரையின் வாதத்துக்கே சங்கடம் தரும் ஒரு விஷயம். பொலிவிய நகரங்களில் இன்று இலை பெரும்பாலும் பச்சை நிறப் பிளாஸ்டிக் பைகளில் விற்கிறது. பஸ் டிரைவரும் கட்டட வேலைக்காரரும் அதிலிருந்தே எடுத்து மெல்லுகிறார்கள். கொஸ்தாலின் இடத்தைப் பிளாஸ்டிக் சாக்கு பிடித்துக்கொண்டது. லாமாவின் இடத்தை லாரி. மறுபக்கம் கூஸ்கோவின் கடைகளில் சுஸ்பாக்கள், ஜிப் வைத்து, செயற்கை நூலில், பயணிகளின் பாஸ்போர்ட்டுக்காகத் தொங்குகின்றன. நல்ல நெசவும் நடக்கிறது, கூட்டுறவு அமைப்புகள் பழைய சாயங்களையும் பழைய வடிவங்களையும் மீட்டிருக்கின்றன, பெண்கள் அதில் சம்பாதிக்கிறார்கள். அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் இலை இல்லாத பையும் பை இல்லாத இலையுமாக இரண்டும் தனித்தனியே வாழப் பழகிக்கொண்டிருக்கின்றன.

இதில் எது உயிரோடு இருக்கிறது என்று உருவவாதியைக் கேட்டால் பையைக் காட்டுவான். அவனை எதிர்ப்பவன் இலையைக் காட்டுவான். நான் இரண்டையும் காட்டமாட்டேன். பச்சைப் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒடியாத மூன்று இலைகளைப் பொறுக்கி, அடுக்கி, தன் ஊர் மலையின் பெயரைச் சொல்லி ஊதிவிட்டுப் பக்கத்தில் இருப்பவனுக்கு ஒருவன் நீட்டினால், சுஸ்பாவை நெய்தவள் எதை உத்தேசித்துப் பாவு ஓட்டினாளோ அது அங்கே நடக்கிறது. அந்தப் பொறுக்குதலுக்கும் அவள் விரல்கள் செய்ததற்கும் அவர்கள் மொழியில் ஒரே சொல்தான்.